பிட் நின்றால் சுற்றுவது யார்? ஆகர் மெஷினின் முறுக்குக் கணக்கு

போன ஆடியில் எங்கள் கொல்லைக்குக் கம்பி வேலி போட்டோம். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண், நடுநடுவே சரளை. 60 கல்லுக்கால் நட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 2 அடி ஆழம். கடப்பாரையால் குத்தி, சட்டியில் அள்ளி எடுத்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு 10 குழி போட்டாலே பெரிது என்றார் சித்தப்பா. அதனால், மண்ணைத் துளைத்துக் குழி போடும் ஆகர் மெஷினை வாடகைக்கு எடுத்து வந்தோம்.

முதல் 17 குழியும் மளமளவென்று விழுந்தன. பதினெட்டாவது குழி வேப்பமரத்துக்குப் பக்கத்தில். ஓரடி இறங்கியதும் ‘டக்’கென்று ஒரு சத்தம். மண்ணுக்குள் பிட், அதாவது மண்ணைத் துளைக்கும் திருகுத் தண்டு, நின்றுவிட்டது. மேலே இருந்த மெஷின் நிற்கவில்லை. தம்பியின் கையிலிருந்து திமிறிக்கொண்டு திரும்பி, இடது கைப்பிடி அவன் தொடையில் ஒரு போடு போட்டது. ஆள் அரைச்சுற்றுச் சுற்றி மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு பட்டை, மூன்று வாரம் இருந்தது.

“கெட்டியாப் பிடிக்க வேண்டாமாடா?” என்று சித்தப்பா திட்டினார். அவன் கெட்டியாகத்தான் பிடித்திருந்தான். கெட்டியாகப் பிடிப்பது மட்டும் ஏன் போதவில்லை என்று யோசித்தால், இந்த மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கால்வாசி விஷயமும் அதற்குள் வந்துவிடும்.

நம் ஊரில் வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை ஆள் ஆகர் பெரும்பாலும் 52 அல்லது 63 சிசி டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். திறன் சுமார் ஒன்றரை கிலோவாட், அதாவது 2 குதிரைத் திறன். எஞ்சின் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுப் பக்கம் ஓடும். அந்த வேகத்தில் பிட்டைச் சுற்றினால் மண் நம் முகத்தில்தான் விழும். அதனால் நடுவே ஒரு கியர் பாக்ஸ் வைத்து, வேகத்தை 30, 40 மடங்கு குறைக்கிறார்கள். பிட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்றுத்தான் சுற்றும். வேகம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு முறுக்கு விசை கூடும். கணக்குப் போட்டால் பிட்டின் தண்டில் 70, 80 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் 8 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கையில் என்ன முறுக்கு தெரியுமோ, அதுதான் அது.

பிட் மண்ணை ஒரு பக்கம் முறுக்கினால், மண் மெஷினை எதிர்ப்பக்கம் அதே அளவு முறுக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். மெஷின் சுற்றாமல் நிற்கக் காரணம், அந்த எதிர்முறுக்கை நம் இரண்டு கைகளும் தாங்குவது. இரு கைகளுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி இருந்தால், முழு விசையில் ஒவ்வொரு கைக்கும் சுமார் 16 கிலோ வரும். இதை ஒரு ஆள் தாங்கலாம். சுவரில் டிரில் போடும் எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாருங்கள், உள்ளே இரும்புக் கம்பியில் பிட் மாட்டினால் கை என்ன ஆகும் என்று சொல்வார். அதன் அண்ணன்தான் இது.

சிக்கல் விசையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.3 வினாடி. பிட் கல்லிலோ வேரிலோ சட்டென்று பூட்டிக்கொண்டால், அந்தச் சுற்று முழுக்க மேலே உள்ள மெஷினுக்கு வருகிறது. எஞ்சினுக்குள் ஏற்கெனவே வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பாகங்களின் உந்துதலும் அதோடு சேரும். கால் சுற்றுத் திரும்ப 0.07 அல்லது 0.08 வினாடி போதும். எதிர்பாராத ஒன்று நடந்து, மூளைக்குத் தெரிந்து, விரல் ஆக்சிலேட்டரை விடுவதற்கு எவ்வளவு சுறுசுறுப்பான ஆளுக்கும் 0.2 வினாடியாவது ஆகும். ஆக, நாம் விரலை எடுப்பதற்குள் கைப்பிடி வந்து அடித்து முடித்திருக்கும். ‘மாட்டினால் விட்டுவிடுவேன்’ என்று நினைத்துக்கொண்டு இந்த மெஷினைப் பிடிக்க முடியாது. அடி எந்தப் பக்கம் வரும் என்று தெரிந்து, அது வருவதற்கு முன்பே உடம்பு அங்கே அணைந்திருக்க வேண்டும்.

எந்தப் பக்கம்? மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாக, கடிகார முள் போலச் சுற்றும். மெஷின் இடஞ்சுழியாகத் திமிறும். அதற்கு எதிரே நின்று இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் ஆளுக்கு, வலது கைப்பிடி விலகி ஓடும், இடது கைப்பிடி தொடையை நோக்கி வரும். அதனால்தான் சில நல்ல மெஷின்களில் இடது தொடைக்கும் இடுப்புக்கும் அணைவாக மெத்தை வைத்த சட்டம் இருக்கிறது. அப்படி இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது அதேதான்: கால்களைத் தோள் அகலத்துக்கு அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, மெஷினை உடம்போடு ஒட்டவைத்து, இடது தொடை சட்டத்தைத் தொட்டபடி நிற்பது. ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் தள்ளத்தான் முடியும், ஓங்கி அடிக்க முடியாது. தம்பி கையை நீட்டி, மெஷினை முன்னால் தள்ளிப் பிடித்திருந்தான். கைப்பிடிக்கும் தொடைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. அந்த ஒரு முழத்தில்தான் அது வேகம் எடுத்தது.

சில விலை கூடிய ரகங்களில் பிட் பூட்டிக்கொண்டு மெஷின் திரும்ப ஆரம்பித்ததுமே கியரை விடுவித்துவிடும் பிரேக் உண்டு. வாடகைக் கடையில் அப்படி ஒன்று கிடைத்தால், நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் அதையே எடுங்கள்.

இரண்டு ஆள் பிடிக்கும் மெஷின் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு பேரும் பிடித்திருக்கும் வரைக்கும் சரி. ஒருவர் பயந்துபோய்க் கையை விட்டால், முழு முறுக்கும் மற்றவருக்குப் போகிறது, அதுவும் இன்னும் நீளமான கைப்பிடியில். ஆக்சிலேட்டர் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் தலைவர், நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். சத்தத்தில் வாயால் சொல்வது கேட்காது, தலையாட்டல்தான். மெஷின்மேல் மூன்றாவது ஆளை ஏற்றி நிற்கவைத்துக் குழி போடும் வீடியோக்கள் செல்போனில் சுற்றுகின்றன. பார்க்க வேடிக்கைதான். பிட் மாட்டினால் அந்த ஆள் எங்கே போய் விழுவார் என்பது அந்த வீடியோக்களில் வருவதில்லை.

உண்மையில் பிட்டுக்கு எடை தேவையே இல்லை. அதன் நுனி ஒரு திருகாணி, தானே மண்ணைக் கவ்வி இறங்கும். அழுத்தினால் மண்ணை வெட்டி மேலே தள்ளுவதற்குப் பதிலாக, திருகாணி மரத்தில் ஏறுவது போல மண்ணுக்குள் ஏறிக்கொள்ளும். அப்புறம் எடுப்பது பெரும்பாடு. அரை ஆக்சிலேட்டரில், அரையடி இறக்கி, மேலே தூக்கி, மண்ணை உதறிவிட்டு, மறுபடி இறக்க வேண்டும். நேரம் போகிறதே என்று தோன்றும். ஒரு கணக்கு: 8 இஞ்ச் பிட்டில் 2 அடிக் குழி என்றால் உள்ளே இருக்கும் மண் சுமார் 20 லிட்டர், எடை 28 கிலோவுக்குக் குறையாது. ஒரே மூச்சில் அடிவரைக்கும் இறக்கிவிட்டுத் தூக்கினால், அதில் பெரும்பகுதி மண்ணோடு மெஷினும் பிட்டுமாக 40 கிலோ வரும். அதைக் குனிந்த நிலையில், குழிக்குள்ளிருந்து நேர்மேலே, 60 தடவை. தொடையில் பட்ட அடி மூன்று வாரத்தில் மறைந்தது. இடுப்பு அப்படி மன்னிக்காது. 12 இஞ்ச் பிட் என்றால் மண் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சின்ன மெஷினில் பெரிய பிட்டை மாட்டித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

மண்ணைப் பொறுத்து மெஷினின் குணமே மாறும். மணற்பாங்கான நிலத்தில் பிட் சுலபமாக இறங்கும், ஆனால் தூக்கியதும் குழி சரியும். காய்ந்த கரிசல் கல்லாக இருக்கும், நனைந்த கரிசல் பிட்டைச் சுற்றி அப்பிக்கொண்டு உருண்டையாக வரும். இரண்டுக்கும் நடுவில் பதம் என்று ஒன்று உண்டே, அதுதான் ஆகருக்கும் பதம். எங்கள் பக்கத்தில் குறி போட்ட இடத்தில் முதல் நாள் சாயங்காலமே குழிக்கொரு குடம் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். காலையில் மண் இளகியிருக்கும், சேறாக இருக்காது. சரளையும் சுக்கான் கல்லும் கலந்த நிலம்தான் மோசம். அங்கே பிட் அடிக்கொரு தரம் பூட்டும்.

அதனால் மெஷினை வைப்பதற்கு முன் கடப்பாரையால் நடுவில் இரண்டு குத்து. ‘சதக்’கென்று இறங்கினால் மண், ‘ணங்’கென்றால் கல், இறங்கி உள்ளே பிடித்துக்கொண்டால் வேர். இதைவிட மலிவான கருவி கிடையாது. கல் தட்டினால் குழியை அரையடி தள்ளிப் போடலாம், வேலி ஒன்றும் கோணிவிடாது. மரத்தடி என்றால் கடப்பாரையே போதும், மெஷின் வேண்டாம். நாங்கள் இதை 17 குழிவரைக்கும் செய்தோம். பதினெட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

மாட்டிக்கொண்ட பிட்டை எடுப்பதில்தான் இரண்டாவது விபத்து நடக்கும். முதல் அடி வாங்கிய கோபத்தில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்து ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றும். பூட்டிக்கொண்ட பிட்டோடு கொடுக்கும் முழு வேகம் அப்படியே கைப்பிடிக்குத்தான் வரும். பெரும்பாலான சின்ன மெஷின்களில் ரிவர்ஸ் கிடையாது. எஞ்சினை நிறுத்த வேண்டும், ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும். பிட்டை மாட்டியிருக்கும் பின்னை உருவி மெஷினைத் தனியாகத் தூக்கி வைத்துவிட்டு, பைப் ரெஞ்சால் தண்டைப் பிடித்து இடஞ்சுழியாகத் திருகினால், ஏறிய வழியே இறங்கி வரும். வராவிட்டால் பக்கத்தில் கடப்பாரையால் மண்ணைப் பெயர்க்க வேண்டியதுதான்.

அந்தப் பின்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது அது தண்டோடு அடங்கி, பக்கத்தில் துருத்தாமல் இருக்கும். வாடகை மெஷின்களில் அது எப்போதோ தொலைந்து போயிருக்கும். அதற்குப் பதில் கையில் கிடைத்த போல்ட், இல்லாவிட்டால் மூன்று இஞ்ச் ஆணி. எங்களுக்கு வந்ததில் தண்டைத் தாண்டி ஒரு இஞ்ச் நீட்டிக்கொண்டிருந்த போல்ட், அதன் மரையில் சாக்குச் சணலின் நார் சுற்றியிருந்தது. அந்த நார் எங்கே பிடித்தது என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்கும். நிமிடத்துக்கு 200 தடவை சுற்றும் ஒரு கொக்கி அது. அருகில் நிற்பவர் மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் கிடக்கும் துண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டிருக்கும் அக்காவின் முந்தானை நுனி, மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறு, எல்லாமே அதற்கு ஒன்றுதான். துணியின் ஒரு நூலைப் பிடித்துவிட்டால் ஆளையே சுருட்டி இழுக்கும். மெஷின் பிடிப்பவர் பேண்ட் போட்டு, சட்டையை உள்ளே விட்டு, ஷூ மாட்டியிருக்க வேண்டும். ரப்பர் செருப்போடு பிட்டுக்குப் பக்கத்தில் நிற்பது, அரிவாள்மனையை மிதிப்பதற்குச் சமம்.

நான் பார்த்ததில் அதிகம் பயப்பட வேண்டிய ஆள் மெஷின் பிடிப்பவர்கூட இல்லை. பக்கத்தில் குத்தவைத்து, சுற்றிக்கொண்டிருக்கும் பிட் தள்ளிவிடும் மண்ணைக் கையால் ஒதுக்கிக்கொண்டிருப்பாரே, அவர். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் வரை வேறு யாரும் ஐந்தாறு அடிக்குள் வரக் கூடாது. மண்ணை ஒதுக்குவது மெஷின் நின்ற பிறகு, மண்வெட்டியால்.

‘நின்ற பிறகு’ என்றால் ஆக்சிலேட்டரை விட்ட பிறகு அல்ல, எஞ்சினை அணைத்த பிறகு. ஆகரில் இருப்பது மையவிலக்குக் கிளட்ச். எஞ்சின் வேகம் கூடும்போது உள்ளே உள்ள கட்டைகள் விரிந்து பிடிக்கும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை இழுத்து விடுவிக்கும். அந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, எஞ்சின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவை யாராவது ஏற்றிவைத்திருந்தாலோ, எஞ்சின் சும்மா ஓடும்போதே பிட் மெல்லச் சுற்றும். கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம்: ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் பிட்டைப் பாருங்கள். சுற்றினால் அந்த மெஷின் வேண்டாம். அப்படியே ஸ்டாப் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஆக்சிலேட்டர் விட்டதும் தானே திரும்புகிறதா என்றும் பாருங்கள். விரல் வலிக்கிறது என்று ஆக்சிலேட்டரை ரப்பர் பேண்டால் கட்டிவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கையை விட்டாலும் நிற்காத மெஷினாக அதை மாற்றும் வேலை அது. சோக் போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் கவனம் வேண்டும். பல மெஷின்களில் அப்போது ஆக்சிலேட்டர் பாதி திறந்திருக்கும், கயிற்றை இழுத்த உடனே பிட் சுற்றத் தொடங்கிவிடும்.

பெட்ரோலைப் பற்றிச் சுருக்கமாக. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் 2டி ஆயில் கலக்க வேண்டும். 25க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50க்கு 1 என்றால் 20 மில்லி. எது என்று அந்த மெஷினின் புத்தகம்தான் சொல்ல வேண்டும். சூட்டோடு டேங்க் மூடியைத் திறக்காதீர்கள், சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது. பசுமைக்குடிலுக்குள்ளோ மூடிய கொட்டகைக்குள்ளோ ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும். சத்தம் 100 டெசிபல் பக்கம் வரும். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்ற கணக்கின்படி பார்த்தால், 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பில்லாமல் இருக்கலாகும் நேரம் 15 நிமிடம்தான். காதடைப்பான் பத்திருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதிர்வு வேறு விஷயம். ஒரு நாளில் தெரியாது. வருடக்கணக்காகப் பிடிப்பவர்களுக்கு விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும்.

மண்ணுக்கு அடியில் இருப்பது கல்லும் வேரும் மட்டும் அல்ல. டெல்டாவில் வயலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் ஓடுகிறது என்பதை 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் கசிந்தபோது தமிழ்நாடே பார்த்தது. சாலையோரம் கேபிள்கள், குடிநீர்க் குழாய்கள். தோண்டுகிறவரையும் குழாய், கேபிள் வைத்திருக்கும் நிறுவனங்களையும் இணைக்க மத்திய அரசு 2023 மார்ச் 22 அன்று ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கியது. பொது இடத்தில் குழி போடுபவர்களுக்கு உதவும். ஆனால் நம் கொல்லைக்குள் ஓடும் மோட்டார் கேபிள் எந்தச் செயலியிலும் இருக்காது. இருபது வருடத்துக்கு முன்னால் போர் போட்டபோது அப்பா குறுக்கு வழியில் ஓரடி ஆழத்தில் புதைத்த கேபிள் அது. குழாய்க்குள் விட்டாரா, வெறுமனே புதைத்தாரா என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மெஷினின் சட்டமும் கைப்பிடியும் இரும்பு, கேபிளில் ஓடுவது மூன்று ஃபேஸ் கரண்ட். மோட்டார் கொட்டகையில் கேபிளுக்குக் கரண்ட் கொடுக்கும் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் நாங்கள் ஆரம்பித்தோம். அந்த ஒரு விஷயத்தில் சித்தப்பா யார் பேச்சையும் கேட்க மாட்டார்.

இவ்வளவும் மெஷின் ஓட்டுபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அடி வாங்குகிறார்கள் என்றால், கூலி பேசும் விதமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மெஷின் வாடகை மணிக்கணக்கு, ஆள் கூலி குழிக்கணக்கு. கடப்பாரையால் குத்திப் பார்க்கும் அரை நிமிடத்துக்கு யாரும் காசு தருவதில்லை. மாட்டிய பிட்டைப் பொறுமையாகத் திருகி எடுக்கும் கால் மணி நேரத்துக்கு வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாள் வாடகை, நாள் கூலி என்று பேசினால் ஐந்தாறு குழி குறையலாம். அதற்குக் கை கால் முழுசாக இருக்கும்.

கன்று நடுபவர்களுக்கு ஒன்று. ஈரக் களியில் ஆகர் போடும் குழியின் சுவர், பூசி மெழுகியது போல வழவழப்பாகிவிடும். வேர் அதைத் துளைத்து வெளியே போகச் சிரமப்படும், தொட்டியில் வளர்வது போல உள்ளேயே சுற்றும். நடுவதற்கு முன் கடப்பாரை நுனியால் சுவரை நாலு பக்கமும் கீறிவிட வேண்டும். இன்றைக்கு நட முடியாத குழிகளை ஓலையும் கல்லும் வைத்து மூடிவிடுங்கள். 8 இஞ்ச் குழி ஆட்டின் காலுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும்.

அன்றைக்குப் பதினெட்டாவது குழியை நாங்கள் மெஷினால் முடிக்கவில்லை. தம்பியைத் திண்ணையில் படுக்கவைத்துவிட்டு, சித்தப்பாவும் நானும் பிட்டைத் திருகி வெளியே எடுத்தோம். அப்புறம் அவர் கடப்பாரையால் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினார். வெளியே வந்தது, ஒரு சரளைக் கல்லும் அதைச் சுற்றிப் பிணைந்திருந்த வேப்பவேரும். வேர் என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் தடிமன்.